லூர்து வண்டியின் இரண்டு சாக்கெட்டுகள்

1

சிலர் படிப்பைப் பிடித்துக்கொண்டு வெளிநாடு போவார்கள். சிலர் கம்பெனியைப் பிடித்துக்கொண்டு போவார்கள். நான் 1993-இல் என் மனைவி ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போனவன். அவள் நர்ஸ். கன்னியாஸ்திரிகள் மூலமாக அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. அவளுடைய சாமான்களில் ஒன்றாக நானும் போய் இறங்கினேன். அன்று நிரப்பிய படிவத்தில் ‘வந்த காரணம்’ என்ற கட்டத்தில் ‘மனைவி’ என்று எழுதினார்கள். ஒவ்வொரு முறை குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கும்போதும் அலுவலகத்து அம்மாள் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “காரணம் இன்னும் அதேதானே?” என்று கேட்பார். ஆமாம் என்பேன். இருபத்து மூன்று வருஷத்தில் வேறு காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

போன வாரம் மறுபடி புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதற்கு நேரம் ஒதுக்கிக் கொடுக்கவே ஆறு வாரம் எடுத்துக்கொண்டார்கள். ஒதுக்கியதற்கு ஒரு நம்பர் அனுப்பினார்கள், அது போனில் இருந்தது. என் முறை வரும் நேரத்தில் போன் அணைந்துவிட்டது. நம்பரைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். நான் நானேதான் என்று சொல்லிப் பார்த்தேன். அந்த நாட்டில் அது போதாது.

கீழே ஓடிப்போய்க் காரில் உட்கார்ந்தேன். என் கார் 2002-ஆம் வருஷத்து வண்டி. யூ.எஸ்.பி. சாக்கெட் எல்லாம் அதில் கிடையாது. சிகரெட் பற்றவைக்கிற ஓட்டை ஒன்று உண்டு. அதில் ஒரு அடாப்டரைச் செருகி, அடாப்டரில் வயரைச் செருகி, சாவியைப் பாதி திருகி வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். போன் உயிர் பெற்று எழுந்து நான் மேலே ஓடியபோது, “உங்கள் முறை போய்விட்டது. புதிதாக நேரம் வாங்குங்கள்” என்றார் அந்த அம்மாள், மிகவும் மரியாதையாக.

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. என் தம்பி அருளின் ஞாபகம்தான் வந்தது. ஒரு போன் அணைந்ததால் அவனுக்கும் ஒரு முறை போனது, இந்த வருஷம் ஜனவரியில். அதில் அவனுக்குப் போனது ஒரு அட்டை இல்லை, ஒரு கரும்புக் கொல்லை. காரணம் நான்.

2

நான் அங்கே ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை பார்க்கிறேன். படுக்கை விரிப்புகளை மெஷினில் போட்டு எடுப்பது. ஊரில் இதை ‘பெரியண்ணன் ஆஸ்பத்திரியில இருக்காரு’ என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். நான் மறுத்ததில்லை. இருப்பது ஆஸ்பத்திரியில்தானே. ஒருமுறை முண்டியம்பாக்கத்துக்காரர் ஒருவர் போனில் தன் எக்ஸ்ரேயை அனுப்பி அபிப்பிராயம் கேட்டார். வெள்ளையாக இருக்கிறது, நல்லது என்று சொன்னேன். துணியைப் பொறுத்தவரை அது சரிதான்.

பாஷையும் இப்படித்தான். போன தடவை மேலாளரிடம், என் போனில் பாட்டரி காலி, வீட்டுக்குக் கூப்பிட முடியவில்லை என்று சொல்ல நினைத்து, பாதி வார்த்தை மறந்து, “நான் காலி, வீட்டுக்குப் போக முடியவில்லை” என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்தார். நானும் எடுத்துக்கொண்டேன்.

என் மகன் டேனியலுக்குப் பதினேழு வயது. அவன் அறையிலிருந்து சமையலறைக்குப் பத்தடி. ‘சாப்பாடு ஆச்சா’ என்று போனில் செய்தி அனுப்புவான். நான் தமிழில் பதில் எழுதினால் ஒரு கேள்விக்குறி வரும். ஜெனியின் நிச்சயதார்த்தத்துக்குக் கூப்பிட்டேன். ஜெனி என் தங்கை பிலோவின் மகள், இவனுக்கு அத்தை மகள். “யார் அது? நான் பார்த்தபோது அவளுக்கு முன்பல் இல்லையே” என்றான். அவன் காலண்டரில் அந்த வாரம் நிரம்பி இருந்தது. ஜெசிந்தாவுக்கு டூட்டி. ஆக, நான் மட்டும் கிளம்பினேன். தவக்காலம் வருவதற்குள் நிச்சயம் முடித்துவிட வேண்டும் என்று பிலோ நாள் குறித்திருந்தாள். தாய்மாமன் வராமல் எப்படி?

தாய்மாமன்கள் இரண்டு பேர். மூத்தவன் நான். இளையவன் அருள், திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் எங்கள் ஊரிலேயே கரும்பு வைத்திருக்கிறான். ஜெனிக்குக் காது குத்தியது அவன் மடியில். அவள் வயதுக்கு வந்தபோது ஓலை கட்டிச் சீர் கொண்டுபோனது அவன். அவளுக்குக் காமாலை வந்தபோது பஸ்ஸில் கூட்டிக்கொண்டு அலைந்ததும் அவன். ஒவ்வொன்றுக்கும் நான் ஜெர்மனியிலிருந்து வாழ்த்துச் சொன்னேன், தவறாமல்.

3

பிலோவின் கணவர் லூர்து திண்டிவனத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். அவர் கார் வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஏழு பேர் உட்காரும் வெள்ளை வண்டி. சீட்டின் பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லை. வியர்த்த முதுகு அதில் ஒட்டிக்கொள்ளும், எழுந்தால் பிளாஸ்திரி பிய்க்கிற சத்தம் வரும். கழற்றிவிட்டால் வண்டி பழசாகிவிடும் என்பது அவருடைய கருத்து. கண்ணாடியில் ஜெபமாலை தொங்கியது. சக்கரத்தில் நசுங்கிய எலுமிச்சம்பழத்தின் கறையும் இருந்தது. பாதுகாப்பு விஷயத்தில் லூர்து யாரையும் விலக்கி வைப்பதில்லை.

நான் போய் இறங்கிய அன்றே வண்டியைச் சுற்றிக் காட்டினார். கடைசியாகக் கியருக்கு முன்னால் குனிந்து, செல்போன் டார்ச்சை அடித்து, இரண்டு சின்னப் பொந்துகளைக் காட்டினார்.

“யூ.எஸ்.பி. மச்சான். ரெண்டு கீது. கம்பெனியிலயே வச்சி வந்துட்டான். தனியா ஒண்ணும் வாங்க வேணாம், அப்டியே சொருவ வேண்டியதுதான். உங்க வண்டியில எத்தினி?”

“அங்க வேற மாதிரி,” என்றேன். பொய் இல்லை.

“நாலு இருக்குமே?”

“எண்ணிப் பாத்ததில்ல மாப்ள.” இதுவும் பொய் இல்லை. ஓட்டை ஒன்றாக இருந்தால் யார் எண்ணுவார்கள்?

அவர் முகத்தில் ஒரு பணிவு வந்தது. சீமையிலிருந்து வந்தவனிடம் சாக்கெட்டைக் காட்டிப் பெருமை பேசிவிட்டோமே என்று கொஞ்சம் வெட்கப்பட்டார். அந்த வெட்கத்தை நான் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டேன்.

4

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் போன புதிதில் எங்கள் ஊரில் போன் இருந்தது ஒரே இடத்தில், பங்குச் சாமியார் வீட்டில். மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்று கடிதம் எழுதியிருந்தேன். அருளுக்கு அப்போது இருபத்தொரு வயது. பூசை முடிந்ததும் சாமியார் வீட்டு வராந்தாவில் போய் நிற்பான். நான் ஒரு போன் அட்டையைத் தேய்த்து நம்பர் போட்டுக் கூப்பிடுவேன். மூன்று நிமிஷத்தில் இரண்டு நிமிஷம் “கேக்குதா, கேக்குதா” என்று இரண்டு பேரும் கத்துவோம். மீதி ஒரு நிமிஷத்தில் மழை, மாடு, யாருக்குக் கல்யாணம்.

ஜெர்மனியில் வருஷத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தைத் தள்ளி வைப்பார்கள். குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் பின்னால். சர்க்கார் உத்தரவு. அதை நாடு முழுக்க அறிவித்தார்கள், என் தம்பிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அந்த நவம்பரில் அவன் வராந்தாவில் ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றான். நான் கூப்பிட்டபோது, “பேஜாரு ஆயிடிச்சிண்ணே, உனுக்கு இன்னா ஆச்சோன்னு நெனச்சிக்கினேன்” என்றான். அடுத்த மாதமும் பழைய நேரத்துக்கே வந்து நின்றான். எதற்கும் முன்னாடியே வந்துவிடுவது நல்லது என்றான்.

பிறகு வீட்டுக்கு வீடு போன் வந்தது, கைக்குக் கை போன் வந்தது. எப்போது வேண்டுமானாலும் பேசலாம் என்று ஆனதும் நாங்கள் பேசுவது குறைந்துவிட்டது. பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் பூப்போட்ட படம் அனுப்புவான். நான் கட்டைவிரல் போடுவேன்.

5

நிச்சயதார்த்தம் விழுப்புரத்தில், மாப்பிள்ளை வீட்டாரின் பங்குக் கோயில் மண்டபத்தில், பதினோரு மணிக்கு. அருள் முந்தின நாளே திண்டிவனம் வந்துவிட்டான். விடியற்காலை நாலரையிலிருந்து அவன் போன் ஓயவில்லை. வாழை இலை வந்துவிட்டதா, சமையல்காரர் எங்கே, பூக்காரம்மா மாலையைக் கொடுத்தாரா, மண்டபத்துச் சாவி யாரிடம். எல்லாவற்றையும் பேசி முடித்தது அவன். நான் எட்டு மணி வரை தூங்கினேன். நேர வித்தியாசம், தூங்கட்டும், எழுப்பாதீர்கள் என்று பிலோ சொல்லியிருக்கிறாள். தூங்குகிறவன் பக்கத்துப் பிளக்கில் என் போன் ராத்திரி முழுக்க சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

இட்லி சாப்பிடும்போது அருள் லூர்துவிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

“கரும்பு வெட்டு மேஸ்திரி பத்து மணி வாக்குல போன் பண்றேன்னிருக்காரு மாமா. பக்கத்துக் கொல்லையில முடிச்சிட்டு ஆளுங்களோட நிப்பாரு. வரட்டுமான்னு கேப்பாரு, நான் வான்னு சொல்லணும். எடுக்கலன்னா அப்டியே காணை பக்கம் பூடுவாங்க.”

“பூட்டாங்கன்னா?”

“திரும்பி வர மாசம் ஆவும். கரும்பு பூ எடுத்துக்கிச்சி. நிக்க நிக்க உள்ள சக்கையாயிடும், எடை நிக்காது.”

இதை நானும் கேட்டேன். தட்டில் இருந்தது மல்லாட்டைச் சட்னி, வேர்க்கடலையில் அரைத்தது. எனக்கு அதைச் சாப்பிட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. காது கேட்டது, கவனம் சட்னியில் இருந்தது.

ஒன்பதரைக்குக் கிளம்பினோம். முன்சீட் எனக்கு. நான் வேண்டாம் என்றேன், பிலோ விடவில்லை. நடு வரிசையில் பிலோவும் ஜெனியும். கடைசி வரிசையில் அருள். அவனுக்கு இரண்டு பக்கமும் சீர்த்தட்டுகள், மடியில் மாலைக் கூடை, காலடியில் வாழைத்தார். பழத்தட்டுக்கு மேலே அவன் முகம் மட்டும் தெரிந்தது.

வண்டி நகர்வதற்குள் பிலோ, “ஏங்க, அண்ணன் போனை சார்ஜில போடுங்க” என்றாள்.

“வேணாம் பிலோ, தொண்ணூத்தி நாலு இருக்குது.”

“இருந்தா இன்னாண்ணே, நெறையட்டும். உங்களுக்கு அங்கேருந்து அண்ணி கூப்புடுவாங்க.”

“வேணாம்மா.”

“அய்ய, போடுங்கண்ணே.”

லூர்து என் கையிலிருந்து போனை வாங்கிச் செருகிவிட்டார். தொண்ணூற்று நாலு சதவீதம் இருந்த போனுக்கு முதல் மரியாதை.

இரண்டாவது சாக்கெட்டில் லூர்துவின் போன். அது கண்ணாடியில் ஒட்டிய ஒரு பிடிப்பானில் நின்றுகொண்டு வழி காட்டியது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போக ஒரே ரோடு. லூர்து அதில் மாட்டுவண்டியில் போயிருக்கிறார், சைக்கிளில் போயிருக்கிறார், பெயிண்ட் டப்பாக்களோடு லாரியில் தொங்கிக்கொண்டும் போயிருக்கிறார். ஆனால் வண்டியில் சாக்கெட் இருக்கும்போது வழி தெரியும் என்று சும்மா இருக்க முடியுமா? ஒரு பெண் குரல் இங்கிலீஷில், நேராகப் போகவும் என்றது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி, நேராகப் போகவும் என்றது. லூர்து ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அந்தச் சாக்கெட்டில் வருகிற மின்சாரம் கொஞ்சம். வழி காட்ட அந்தப் போன் தின்றது அதைவிட அதிகம். கிளம்பும்போது அறுபத்தொன்று, விக்கிரவாண்டி வந்தபோது ஐம்பத்தெட்டு. சார்ஜ் போட்டுக்கொண்டே தேய்கிற போனை அன்றுதான் பார்த்தேன்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் நீளமான வரிசை. வண்டி நின்றது. பின்னாலிருந்து ஒரு சின்ன சத்தம் கேட்டது, போன் அணையும்போது வருகிற சத்தம்.

ஜெனி திரும்பினாள். “மாமா, போன் ஆஃப் ஆயிடிச்சா?”

“பரவால்ல கண்ணு. நீ தலைய ஆட்டாத, பூ கலைஞ்சிரும்.”

“யாரு போனுலயாவது மேஸ்திரிக்குப் பேசுங்களேன்.”

“நம்பரு இதுக்குள்ளதான் கீது.”

நான் திரும்பினேன். முன்சீட்டிலிருந்து, பிளாஸ்டிக் உறை கிறீச்சிட, பெரிய மனசோடு திரும்பினேன்.

“டேய் அருள், சார்ஜ் போடணுமாடா?”

“இருக்கட்டும்ண்ணே. உங்குளுது போட்டிருக்கீங்க. இருக்கட்டும்.”

“சரி,” என்று சொல்லிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டேன்.

இந்த இடத்தில் என் நாகரிகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான் ஜெர்மனி போன முதல் வருஷம், கூட வேலை பார்த்தவர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். கேக் வேண்டுமா என்று அவர் மனைவி கேட்டார். நம் வழக்கப்படி, வேண்டாம் என்றேன். சரி என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான். அவர்கள் எல்லாரும் தின்றார்கள், நான் காலி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். அதன்பிறகு வேண்டும் என்றால் வேண்டும் என்பேன். அடுத்தவர் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுவேன். ஊருக்கு வரும்போதெல்லாம் இதைப் பற்றி எல்லாருக்கும் பிரசங்கமே செய்திருக்கிறேன். நாம்தான் தேவையில்லாமல் மூன்று தடவை கேட்கிறோம், மூன்று தடவை மறுக்கிறோம், மனுஷன் வேண்டாம் என்றால் அதை மதிக்க வேண்டாமா என்று. இருபது நிமிஷத்துக்கு முன்னால் என் போனை மூன்று தடவை கேட்டுச் செருகினார்களே, அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நான் முன்னால் திரும்பியபோது வண்டியில் மணி பத்தடிக்க எட்டு நிமிஷம்.

“விழுப்புரத்துல போயி போட்டுக்கலாம்டா, இதோ வந்துடும்” என்றாள் பிலோ. என் வயரைப் பிடுங்கச் சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை. லூர்து வழிகாட்டியைப் பார்த்தபடியே ஓட்டினார். அது, நேராகப் போகவும் என்றது.

6

மண்டபத்து வாசலில் வண்டி நின்றதும் அருள் தட்டுகளை இறக்கினான். வாழைத்தாரை இறக்கினான். மாலைக் கூடையை ஜெனியின் சித்தியிடம் கொடுத்தான். அதன்பிறகுதான் உள்ளே ஓடினான். மைக் செட்டுக்காரரிடம் கெஞ்சி ஒரு பிளக்கில் இடம் வாங்கினான்.

மேடையில் என்னைக் கூப்பிட்டார்கள். “ஜெர்மனியிலிருந்து வருகை தந்திருக்கும் பெண்ணின் தாய்மாமன்” என்று மைக்கில் சொன்னார்கள். எனக்கு மாலை. கோயில் சாமியார் கை கொடுத்தார். மாப்பிள்ளையின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, அங்கே குளிர் எப்படி என்று கேட்டார். தட்டு மாற்ற வேண்டிய நேரம். ஜெனி தலையை ஆட்டக்கூடாது என்பதை மறந்து மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

“சின்ன மாமா எங்க?” என்றாள்.

“பெரிய மாமா இருக்காரு இல்ல, வாங்கு” என்று யாரோ சொன்னார்கள்.

அவள் வாங்கவில்லை. நின்றாள். சாமியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். மைக் செட்டு மூலையில் அருள் சுவரைப் பார்த்துக்கொண்டு போனைக் காதில் வைத்திருந்தான். பிலோ போய் அவன் தோளைத் தொட்டாள். அவன் போனை வைத்துவிட்டு, முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டு மேடைக்கு வந்தான். தட்டில் என் கையும் அவன் கையும் இருந்தன. போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவில் அவன் சிரிக்கிறான். நான் அதைவிட நன்றாகச் சிரிக்கிறேன்.

7

சாப்பாடு முடிந்து கைகழுவுகிற குழாயருகே அவனைப் பிடித்தேன்.

“மேஸ்திரி இன்னாடா சொன்னாரு?”

“பூட்டாங்கண்ணே. ஏழு வாட்டி கூப்ட்டிருக்காரு. அரை மணி நேரம் வரப்புல நின்னுக்கினு பாத்துட்டு காணை போற லாரியில ஏறிட்டாங்களாம்.”

“மறுபடி எப்போ?”

“அங்க பெரிய கொல்ல. இருவது நாளுக்கு மேல ஆவும்.” குழாயைத் திறந்தான், கழுவிய கையையே மறுபடி கழுவினான். “பரவால்லண்ணே. வருசா வருசம் வர்றதுதான்.”

அது வருஷா வருஷம் வருவதில்லை என்று எனக்குத் தெரியும். பத்து மாதம் தண்ணீர் கட்டி வளர்த்தது. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் அவன் மேலேயே காட்டினேன்.

“ஏன்டா, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே! என் போனு நெறஞ்சிக்கினு கெடந்துது. நான்தான் கேட்டேனேடா!”

அவன் குழாயை மூடினான்.

“கேட்டீங்கண்ணே. ஒருவாட்டி கேட்டீங்க.”

“அப்புறம்?”

“ரெண்டாவது வாட்டி கேப்பீங்கன்னு போனைக் கையில நீட்டி வச்சிக்கினேதான் இருந்தேன். முண்டியம்பாக்கம் வரைக்கும் வச்சிக்கினு இருந்தேன்.”

பழத்தட்டுக்குப் பின்னால் நீட்டிய கையோடு அவன் உட்கார்ந்திருந்ததை நினைத்தேன். அவமானமாக இருந்தது. விருந்தாளியின் வயரை எப்படிப் பிடுங்குவது என்று அவன் தயங்கியிருக்கிறான். அவனுடைய அண்ணன் விருந்தாளி ஆனது எந்த வருஷத்தில் என்று இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

“நாளைக்கு உன்கூட ஊருக்கு வர்றேன்” என்றேன்.

“வேணாம்ண்ணே. வேளாங்கண்ணி போறதா அக்கா சொன்னா. உங்களுக்கு வேல இருக்கும்.”

சரி என்று சொல்ல வாய் வந்துவிட்டது. பழக்கம். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“வர்றேன்டா. வேற ஆளுங்க கெடைக்கிறாங்களா பாப்போம்.”

“உங்களுக்கு எதுக்குண்ணே செரமம். வெயிலு வேற.”

“நான் வர்றேன்டா.”

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். சலவைக்காரனின் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, பளபளக்கிற செருப்பு.

“காலையில அஞ்சு மணி பஸ்சு,” என்றான். “நீ எழுந்துக்க மாட்ட.”

இந்தப் பயணத்தில் என்னால் ஒரு காரியம் முடியாது என்று முகத்துக்கு நேரே ஒருவன் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

8

அன்று ராத்திரி எல்லாரும் திண்டிவனம் திரும்பிப் படுத்தோம். அவன் சொன்னதுதான் நடந்தது. நான் எழுந்தபோது மணி ஆறே முக்கால். அவன் போய்விட்டிருந்தான். “நான் வண்டியில கொண்டாந்து உட்றேன் மச்சான், ஏ.சி. போட்டுக்கினு போலாம்” என்றார் லூர்து. வேண்டாம் என்றேன். மூன்று தடவை சொன்னேன். விழுப்புரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து திருவெண்ணெய்நல்லூருக்கு ஒரு பஸ், பிறகு நடை.

வெட்டு ஆட்கள் வேறு யாரும் கிடைக்கவில்லை. போன மேஸ்திரியே இருபத்திரண்டாம் நாள் வந்ததாகவும், எடை நன்றாகவே இறங்கிவிட்டதாகவும் பிற்பாடு ஜெர்மனியில் இருக்கும்போது கேள்விப்பட்டேன். அதை அருள் சொல்லவில்லை, பிலோதான் சொன்னாள்.

அன்றைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவன் கொல்லைக்குள் தனியாகக் கரும்பிலிருந்து காய்ந்த சோகை இலையை உரித்துக்கொண்டிருந்தான். உரித்து வைத்த கொல்லை என்றால் வெட்டுகிறவர்கள் கொஞ்சம் சீக்கிரம் மனசு வைப்பார்கள். சத்தம் கேட்டுத் திரும்பியவன் என் சட்டையைப் பார்த்தான்.

“அத்தப் போட்டுக்கினா வந்த? சோகை கிழிச்சிடும்,” என்றான். மோட்டார் கொட்டகையிலிருந்து தன் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்து என் மேல் வீசினான். “மாட்டிக்கினு அந்த வரிசையப் புடி. ஜல்தி, வெயிலு ஏறுது.”

பிடித்தேன். கை கழுத்தெல்லாம் அரித்தது, முதுகு விட்டுப்போனது. மத்தியானம் வரைக்கும் உரித்தேன். போதும் என்று அவன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.